அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

மேரி கியூரி ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. வெளிநாட்டில் ஆய்வு செய்ய ஐரோப்பிய ஒன்றியம் தரும் உதவித்தொகை அது. கடந்த மாதங்கள் எப்படிப் போயின என்று இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. முடிவு வந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனசு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில், எனக்கு முன்பே இதே ஃபெலோஷிப்பைப் பெற்ற அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறேன், உங்களுடைய விண்ணப்பத்தைப் படிக்கத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அன்று இரவே அனுப்பினார். கூடவே, அதற்கு முந்தைய ஆண்டு அவருக்குக் கிடைக்காமல் போன விண்ணப்பத்தையும், மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறைகளோடு அப்படியே அனுப்பியிருந்தார். "முதல்ல இதைப் படிம்மா, அப்புறம் மத்தது" என்று ஒரே வரி.

ஜெயித்ததைக் காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். கிடைக்காமல் போனதை, அதுவும் முகம் தெரியாத ஒருத்திக்கு, யார் எடுத்துக் கொடுப்பார்கள்? மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் விதத்துக்கு 20 என்பதை விதிமுறையில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மொத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், நம்மைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மதிப்பெண் எந்த இடத்தில் கழிகிறது என்பதை அக்காவின் தாளில்தான் பார்த்தேன். சோதனை கைகொடுக்காவிட்டால் மாற்று வழி என்ன என்று சொல்லவில்லை. சேரப்போகும் ஆய்வகத்துக்கு இவரால் என்ன கிடைக்கும் என்பது தெளிவாக இல்லை. இப்படியே போகிறது பட்டியல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அக்காவின் குறிப்பு. ஓரிடத்தில், "இதுக்கு ரெண்டு வரி போதும். இடம் இருந்தது, எனக்குத்தான் யாரும் சொல்லலை" என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி மூன்று வார்த்தையைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

பரிந்துரைக் கடிதத்தைக் கெடுவுக்கு முன்பே அனுப்பிய நெறியாளருக்கு, என் முதல் மின்னஞ்சலுக்கே பொறுமையாகப் பதில் எழுதிய பேராசிரியருக்கு, வரைவை வரிவரியாகத் திருத்திய ஆய்வக நண்பர்களுக்கு, விசா தாள்களைச் சரிபார்த்த சீனியர்களுக்கு, பொழுது விடியும் வரை என் புலம்பலைக் கேட்டவர்களுக்கு, எல்லாருக்கும் நன்றி.

வெளிநாட்டுக்குப் போய் ஆய்வு செய்ய அறிவும் உழைப்பும் இருந்தால் போதும் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அந்த வழியில் பாதிக்கு மேல் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு பேராசிரியருக்கு எத்தனை மாதம் முன்னால் எழுத வேண்டும், அந்த மின்னஞ்சல் எவ்வளவு நீளம் இருக்கலாம், பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது தப்பா? முன்னால் போன ஒருவர் வீட்டிலோ துறையிலோ இருப்பவர்களுக்கு இதெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஓர் அக்கா தேவைப்படுகிறார்.

என் விண்ணப்பமும், மதிப்பீட்டாளர்கள் அதில் சொன்ன குறைகளும் இனி கேட்கிற எல்லாருக்கும் உண்டு. தயங்காமல் எழுதுங்கள். அன்றைக்கே அனுப்புகிறேன்.