கறிக்கடை பாய்க்கு ஒரு கடிதம்

பாய்க்கு சலாம்.

ஏழு ஞாயிறாக உங்கள் கடைப் பக்கம் நான் வரவில்லை. போன வாரம் பால் வாங்க அந்த வழியாகப் போனபோது, கத்தியை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தீர்கள். வேறு கடை பிடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது சொல்கிற கதை இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் விடியற்காலையில் வலது கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.1. ஏழைத் தாண்டினாலே அதிகமாம். "வாரத்துல எத்தனை நாள் கறி?" என்று கேட்டார் டாக்டர். சொன்னேன். "ஈரல், சுவரொட்டி எல்லாம் உண்டா?" என்றார். இருபது வருஷமாக நீங்கள் காசு வாங்காமல் பொட்டலத்துக்குள் சொருகிவிடும் ஈரல் துண்டுதான் கண் முன்னால் வந்தது. பழி உங்கள் மேல் இல்லை பாய், தின்றவன் நான். அந்த உறுப்புக்கறியில் பியூரின் அதிகம், அதுதான் உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிறது என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

கறியைக் குறைத்தால் தட்டில் என்ன வைப்பது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று போட்டிருக்கிறது. நாலு பேருக்கு 1,600 கிராம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ கத்தரிக்காய் மூன்று நாள் ஓடும்! சாம்பாரில் மிதக்கிற நாலு முருங்கைத் துண்டைக் காட்டி, காய்கறி சாப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். நம்ம மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக 1999-ல் திறந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்குள் இப்போதுதான் ஒழுங்காகக் காலெடுத்து வைக்கிறேன்.

முதல் ஞாயிறு மானம் போனது. சேனைக்கிழங்கில் சுக்கா வைக்கிறேன் என்று, கறிக்குச் செய்கிற மாதிரியே மசாலாவோடு குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டேன். திறந்தால் களி. மசாலா பச்சை வாடை வேறு. "அப்பா, இது சுக்காவா துவையலா?" என்றான் சின்னவன்.

பிறகுதான் உறைத்தது. கறி வேக முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் மசாலாவும் பக்குவப்பட்டுவிடும். காய் பத்து நிமிஷத்தில் வெந்து நிற்கும், மசாலாவுக்காகக் காத்திராது. எனவே இப்போது மசாலாவுக்குத்தான் முதல் மரியாதை. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தைச் சுருள வதக்கி, அரைத்த மசாலாவைப் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறவரை கிண்டுகிறேன். சேனையைப் புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து (இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்) அதில் புரட்டுகிறேன். கடைசியில் கொரகொரப்பாக இடித்த மிளகும் சோம்பும். சின்னவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

அடுத்த வாரம் வாழைப்பூ கோலா. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை (வேகாத நடு நரம்பை) கிள்ளி எறிந்து, கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைத்தேன். ஒரு பூவை ஆய முழு கிரிக்கெட் இன்னிங்ஸ் ஓடிவிட்டது. நீங்கள் ஒரு கிலோ கொத்துக்கறி போட ஐந்து நிமிஷம்தான் எடுப்பீர்கள். மற்றபடி அதே பொட்டுக்கடலை மாவு, அதே சோம்பு, அதே உருண்டை.

ஆனாலும் பாய், கறி வாசம் இல்லாத ஞாயிறு எங்கள் வீட்டில் ஞாயிறு மாதிரியே இல்லை. அந்த ஏக்கத்தில்தான் உங்கள் மகள் நிக்காஹ்வில் நெய்ச்சோற்றுக்கு ஊற்றிய தால்ச்சா ஞாபகம் வந்தது. கரண்டி நிறைய பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய். என் தட்டில் விழுந்தது ஒரே ஒரு எலும்பு. ஆனால் சட்டி முழுக்க ஆட்டு ருசி. கறியைக் குறைத்துக் காயைக் கூட்டுகிற வித்தையை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றரைக் கிலோ தொடைக்கறி நிறுத்திக் கொடுத்திருக்கிறீர்கள்!

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். வீக்கம் வற்றிவிட்டது, மாதம் ஒரு தடவை, கொஞ்சமாக என்றால் சரி என்றார்.

வருகிற ஞாயிறு வருகிறேன். கால் கிலோ நெஞ்செலும்பு, சின்னத் துண்டாக. ஈரல் சொருக வேண்டாம். தால்ச்சாவுக்கு மாங்காயை எப்போது போடுவது என்று மட்டும் வீட்டில் கேட்டு வையுங்கள்.