கூட்டம் போடுவதற்கு முன் பூட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய காவல்துறை, வீட்டுவசதித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏழைகள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகளில் திருட்டும் அடிதடியும் கூடும்போதெல்லாம் நல்லுறவுக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டுகிறீர்கள். "தகவல் கொடுங்கள், பெயரை வெளியே சொல்ல மாட்டோம்" என்கிறீர்கள். அப்புறம் ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அப்படியொரு குடியிருப்பில் வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறீர்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கிர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2,200-க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாலும் நகராட்சி வாடகைக்கு விட்டவை. 1980-களின் நடுவில் வீடு புகுந்து திருடுவது அங்கே அன்றாடக் கதை. காவல்துறை, நகராட்சி, தண்டனை பெற்றவர்களை வெளியில் வைத்துக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். மேடை போடவில்லை. திருட்டுக் கொடுத்தவர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் போய்ப் பேசினார்கள். திருடிப் பிடிபட்டவர்களிடமும் உட்கார்ந்து கேட்டார்கள்.

கிடைத்த பதில்கள் சாதாரணமானவை. அந்த வீடுகளில் காசு போட்டால்தான் மின்சாரமும் எரிவாயுவும் வரும் மீட்டர்கள் இருந்தன. அதாவது, வாடகை கட்டவே திணறுகிறவர் வீட்டிலும் சில்லறை நிறைந்த பெட்டி ஒன்று சுவரில் தொங்கியது. உள்ளே வந்தவன் அதை உடைத்தால் போதும். இன்னொன்று: ஒரு முறை திருட்டுப் போன வீட்டில் மறுபடியும் திருட்டு நடக்கும் வாய்ப்பு, மற்ற வீடுகளைவிட நான்கு மடங்குக்கும் மேல். வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது, உடைந்த கதவும் அப்படியே கிடக்கிறது. வேறென்ன வேண்டும்?

அதனால் காசு மீட்டர்களைக் கழற்றினார்கள். திருட்டுப் போன வீட்டுக்குத்தான் முதலில் பூட்டும் தாழ்ப்பாளும் போட்டார்கள். அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் கொஞ்ச நாள் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊர் முழுவதையும் காவல் காக்கச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்; பக்கத்து வீட்டை என்றால் செய்வார்கள். மூன்று ஆண்டுகளில் வீடு புகுந்த திருட்டு முக்கால் பங்கு குறைந்தது.

மீட்டரைக் கழற்றியதும் கதவைச் சரிசெய்ததும் காவலர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத்தைக் குறைக்கும் பொறுப்பைக் காவல்துறையோடு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சேர்த்தே கொடுத்தது. எரியாத மாடிப்படி விளக்கைப் பற்றி நான் காவல் நிலையத்தில் சொன்னால் "அது எங்கள் வேலை இல்லை" என்கிறீர்கள். வீட்டுவசதி அலுவலகத்தில் திருட்டைப் பற்றிச் சொன்னால் அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இருட்டில் நகை பறித்தவனுக்கு மட்டும் இந்தத் துறைப் பிரிவினை எதுவும் கிடையாது.

நல்லுறவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சமூகக் காவல், அதாவது காவலர்கள் மக்களோடு பழகிச் சேர்ந்து வேலை செய்யும் முறை, பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்களுக்குக் காவல்துறை மேல் திருப்தி கூடுகிறது, குற்றம் மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை என்றது. சிரித்துப் பேசுகிற காவலர் எங்களுக்கும் பிடிக்கும்தான். ஆனால் தாழ்ப்பாளும் வேண்டும்.

சரி, தகவல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஜீப் ஒருவர் வீட்டு வாசலில் நின்றால், அது கிளம்புவதற்குள் முழு பிளாக்குக்கும் தெரிந்துவிடும். "போலீஸ் ஆள்" என்று ஒரு முறை பெயர் வாங்கியவர் அதே மாடியில்தான் தினமும் ஏறி இறங்க வேண்டும். நீங்கள் மாறுதலாகிப் போய்விடுவீர்கள். அவர் எங்கே போவார்? எனவே முகம் தெரிந்த ஒரே காவலரைச் சில ஆண்டுகளாவது ஒரே இடத்தில் வையுங்கள். அவர் நடந்து வரட்டும், எல்லாக் கதவையும் தட்டட்டும். எல்லா வீட்டுக்கும் வருபவர் என் வீட்டுக்கும் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

பையன்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவினால், அடுத்த நாள் அவர்களுடைய அம்மாக்கள்தான் உங்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வீட்டில் ஓர் அறை, அதில் ஆறு பேர் என்றால் பையன் படிக்கட்டில்தான் உட்காருவான்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விஷயம் கேட்கிறேன். பழுதுபார்க்கும் பொறியாளரும் மேடையில் உட்காரட்டும். போன கூட்டத்தில் நாங்கள் சொன்ன குறைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதை முதலில் வாசியுங்கள். எங்களிடம் கேட்க வேண்டியதை அதற்கப்புறம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்புவாசி