காட்டுப்பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி? எழுத்தில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய வன அதிகாரிகளுக்கு, சென்னையிலிருந்து வணக்கம்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதன் பின்னணியான பயிர்ச்சேதம் உங்களுக்கே தெரியும். எதைக் கொண்டு சுடுவது என்பதுதான் என் கேள்வி.

போன பட்டத்தில் எங்கள் ஊர் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு பெரிய ஆண் பன்றி சுடப்பட்டது. சுட்டவர்கள் யார் என்று எழுத மாட்டேன். குறை அவர்கள் மேல் இல்லை, கையில் இருந்த பன்னிரண்டு போர் (bore) ரவைத் துப்பாக்கியில். அந்தி நேரம், நல்ல தூரம். ரவை, அதாவது சின்னச் சின்ன குண்டுகள், சிதறித் தோள்பட்டையில் பட்டது. ஆண் பன்றிக்கு அந்த இடத்தில்தான் தோலுக்கு அடியில் கெட்டியான கவசம் இருக்கும். ரவை அதைத் தாண்டி நெஞ்சுக்குள் போகவில்லை, ஒரு முன்னங்கால் மட்டும் உடைந்தது. வாய்க்கால் சேற்றில் மூன்று கால்களின் தடம், கூடவே இழுத்துக்கொண்டு போன ஒரு கோடு. கரும்புத் தோகையில் முழங்கால் உயரத்துக்கு ரத்தம். அது ராத்திரி முழுக்கக் கத்தியதை என் அத்தை கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். மறுநாள் கரும்பு வெட்ட ஆள் வரவில்லை. காயம்பட்ட பன்றி கிடக்கும் கொல்லையில் யார் இறங்குவார்கள்? கடைசியில் நாற்றம்தான் இடம் காட்டியது.

தயவுசெய்து எந்தப் போர் (குழலின் உள்ளளவு), எந்தத் தோட்டா, எத்தனை தூரம் என்று உத்தரவிலேயே எழுதுங்கள்.

இங்கிலாந்தில் பெரும்பாலான மான்களைச் சுட 1991 சட்டப்படி ரைஃபிளின் போர் .240 அங்குலத்துக்கும், குழல்முனையில் தோட்டாவின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக் கூடாது. பட்டதும் விரியும் தோட்டாதான் போட வேண்டும். சாதாரண .22 ரைஃபிள் 200 அடி-பவுண்டைக்கூடத் தொடாது. மானுக்கே இவ்வளவு கணக்கு என்றால், அதைவிடக் கெட்டியான பன்றிக்கு நாம் ஏன் கணக்கே வைக்கவில்லை? நம் நாட்டிலேயே தயாராகும் .315, .30-06 ரைஃபிள்கள் இரண்டும், பட்டதும் விரியும் சாஃப்ட் நோஸ் தோட்டாவோடு மான், பன்றி எல்லாவற்றுக்கும் போதுமானவை. ஆனால் ரைஃபிள் தோட்டா தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். அதனால் பரண் மேலிருந்து, தோட்டா மண்ணில் புதையும்படி கீழ்நோக்கித்தான் சுட வேண்டும். இதையும் எழுத வேண்டும்.

நான் கிண்டிப் பூங்கா மான்களைப் பார்த்து வளர்ந்தவன். வேட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கட்டும். ஆனால் சரியான வழியை நீங்கள் காட்டாததால்தான் விவசாயி திருட்டு மின்வேலி போடுகிறான், தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறான். அதைக் கடித்து வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. ஒவ்வொரு முறையும் வழக்குப் போடுகிறீர்கள், சரி. வழக்கு அந்த வாயை ஒட்டவைக்குமா? இழப்பீட்டு மனுவோடு அலையும் சம்சாரி வேறு என்னதான் செய்வான்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: போர், தோட்டா, தூரம் மூன்றையும் உத்தரவில் சேர்த்து, அடுத்த கடலைப் பட்டத்துக்குள் தமிழில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். சுடப்போகிறவர்களுக்கு அந்தத் துப்பாக்கியிலேயே பயிற்சியும் கொடுங்கள்.

பணிவுடன்,
கடலைக் கொல்லை வைத்திருக்கும் ஒரு சென்னைவாசி