தம்பி, முற்றத்தை மூட முன்னம்

அன்புள்ள தம்பி,

நேற்றிரவு நீ போனில் சொன்னதையே இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழைக்கு முதல் நம் யாழ்ப்பாணத்து வீட்டின் முன்முற்றம் முழுவதற்கும் இன்ரலொக் கல் பதிக்கப் போகிறாய், வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டப் போகிறாய், கல் பதிக்கிறவர் ஐப்பசி முதற் கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். சேறு இருக்காது, கூட்டுகிற வேலை குறையும், மச்சாளுக்கு முதுகு நோகாது என்றாய். நீ சொன்ன காரணங்கள் எல்லாம் சரி. மச்சாளின் முதுகு எனக்கும் பெரிய விஷயம்தான். ஆனால் போனில் எனக்கு வார்த்தை வரவில்லை, "யோசித்துச் செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. போன முறை வந்தபோது நம் ஒழுங்கையிலேயே நாலு வீட்டு முற்றம் கல்லாகிக் கிடந்தது. அவர்களும் வாசிக்கட்டும்.

இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் இப்போது பின்னேரம் மூன்று மணி. புரட்டாதி முடியப் போகிறது. காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானம் தாண்டக் கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடி முழக்கத்தோடு ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்க்கும். மூன்றாம் மாடி பல்கனியில் நின்று பார்த்தால், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற எங்கள் தெரு பத்தே நிமிடத்தில் வாய்க்காலாகிவிடும். தொடர்மாடியின் அடியில் கொங்கிறீற், வாகனம் விடுகிற இடம் கொங்கிறீற், வெளியே வந்தால் தார். விழுகிற தண்ணீருக்கு இறங்க ஒரு சாண் மண் இல்லை. கானுக்குள் போய் அப்படியே கடலுக்குப் போகிறது. இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன். மழை பெய்தால் மண் மணக்கும் என்பது என் பிள்ளைகளுக்கு ஊருக்கு வரும்போது மட்டும் தெரிகிற விஷயம்.

ஆனால் கொழும்புக்குக் களனி கங்கை இருக்கிறது. மலைப்பக்கத்தில் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. எங்கள் முற்றம் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பினாலும் குழாயைத் திறந்தால் வேறெங்கோ விழுந்த மழை வந்து சேரும். உனக்கு எந்தக் கங்கை இருக்கிறது, சொல். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மழைக்கு மட்டும்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வானம் தருவதைச் சுண்ணாம்புக்கல் பொந்துகளுக்குள் ஒளித்து வைத்துத்தான் வருடம் முழுக்கக் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். சின்ன வயதில் அப்பா நம்மைச் சைக்கிளில் நிலாவரை ஆழக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று அங்கே நின்று சொன்னார். நம் கிணறுகளின் கதையும் அதுதான். உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக நல்ல தண்ணீர் மிதக்கிறது. மழை இறங்காமல் நாம் இறைத்துக்கொண்டே இருந்தால் அந்தப் படை மெலியும், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு பரப்பு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 6,300 லீற்றர் தண்ணீர். நம் முன்முற்றம் அரைப் பரப்பு இருக்கும். அப்படியென்றால் ஒரு நல்ல மழைக்கு, நீ கோபுரத்தில் ஏற்றி வைத்திருக்கிற 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி மூன்று நிறைகிற அளவு அந்த முற்றத்தில் மட்டும் விழுகிறது. கல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, அதால் இறங்கும் என்று கல் பதிக்கிறவர் சொல்லுவார். கொஞ்சம் இறங்கும். ஆனால் அடி மண்ணை இடித்து இறுக்கித்தானே கல்லை வைப்பார்கள், மிச்சம் ஒழுங்கைக்குத்தான் போகும். ஒழுங்கையிலும் இப்போது இரண்டு பக்கமும் மதில். வளவுக்கு வளவு வேலிக்கு அடியால் வழிந்து போன வெள்ளம் இப்போது போக வழியில்லாமல் படலைக்கு முன்னால் முழங்கால் அளவுக்கு நிற்கிறது என்று நீயே போன வருடம் படம் எடுத்து அனுப்பினாய்.

சரி, கணக்கை விடு. நான் உண்மையில் எழுத நினைத்தது வேறு.

புரட்டாதி வந்தாலே எனக்குக் கை பரபரக்கும். இந்த மாடியில் மழைக்கு ஆயத்தம் என்றால் யன்னலைச் சாத்துவது, கொடியில் கிடக்கிற துணியை எடுப்பது, அவ்வளவுதான். அங்கே எவ்வளவு வேலை! தண்ணீர் அடியில் கிடக்கிற நேரம் பார்த்து அப்பா கிணற்றைக் கலக்கி இறைப்பார். நாம் இரண்டு பேரும் மேலே நின்று வாளி வாளியாகச் சேறு வாங்குவோம், எப்போதோ விழுந்த கரண்டி, உன் போளை, அம்மம்மாவின் பாக்குவெட்டி எல்லாம் அதிலே வரும். பிறகு கூரைக்கு ஏறிப் பீலியில் அடைத்த வேப்பஞ்சருகை அள்ளுவது. காவோலையும் பொச்சுமட்டையும் நனையாமல் கொட்டிலுக்குள் அடுக்குவது. காற்றுக்கு முறிந்து விழமுதல் முருங்கைக் கொப்புகளை வெட்டிவிடுவது, இல்லாவிட்டால் மழையோடு மயிர்க்கொட்டி அப்பிக்கொள்ளும். கோடியில் கிடக்கிற சிரட்டை, உடைந்த சட்டி, பழைய ரயர் ஒன்றும் விடாமல் கவிழ்ப்பது. இதை மட்டும் இந்த வருடம் கட்டாயம் செய். ஒரு கிழமை தண்ணீர் தேங்கி நின்றாலே டெங்கு நுளம்புக்குக் காணும். 2017 இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோது எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒருவராகப் படுத்திருந்தார்கள்.

வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பனங்கிழங்குக்குப் பனங்கொட்டைப் பாத்தி போடுவதுதான். ஆடி ஆவணியில் பொறுக்கிய பழங்களைப் பிசைந்து களி எடுத்து, அம்மம்மா பாயில் ஊற்றிப் பினாட்டுக் காயவிட்ட பிறகு, கொட்டைகள் மூலையில் குவிந்து கிடக்கும், அந்த இனிப்புப் புளிப்பு மணமும் ஈக்களும் வளவு முழுக்க. கோடிப்பக்கத்தில் மண்ணைக் கொத்தி மேடாக அணைத்து, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிதாக மண் போட்டு மூடுவோம். அதற்குப் பிறகு நாம் செய்ய ஒன்றுமே இல்லை, மழைதான் பார்த்துக்கொள்ளும். நான் மூன்று நாளைக்கு ஒருதரம் ஒரு மூலையைக் கிளறிப் பார்ப்பேன், அப்பா கண்டால் ஏசுவார். தைமாதம் பாத்தி கிண்டும்போது கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற பூரானைத் தின்ன நாம் பட்ட சண்டை! இந்த வருடம் பாத்தி போட்டாயா? கேட்க மறந்துவிட்டேன். போடாவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது, அயலில் யாரிடமாவது கொட்டை இருக்கும். ஒரு சின்னப் பாத்தி போதும், சின்னவன் கிளறிப் பார்க்கட்டும், ஏசாதே.

அப்புறம் முதல் மழை. அந்த மணம். அம்மா விடிய எழும்பித் தண்ணீர் தெளித்து ஈர்க்குமாறால் கூட்டி வைத்த முற்றத்தில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு கிடக்கும், அதன்மேல் முதல் துளிகள் குழி குழியாக விழும். அடுத்த நாள் ஈசல் எழும்பும். பிறகு ஒரு காலை சிவப்பு வெல்வெற்றில் செய்தது போலத் தம்பளப்பூச்சி நடந்து வரும், நீ தீப்பெட்டிக்குள் புல்லுப் போட்டு அதை வளர்த்தாய். வெள்ளம் நின்றால் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துக் கடதாசிக் கப்பல். இதெல்லாம் எங்கே நடந்தது என்று பார். வீட்டுக்குள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த அரைப் பரப்பு மண்ணில். கல் பதித்தால் தம்பளப்பூச்சி எதற்குள்ளால் வெளியே வரும்?

அதோடு மழைநாள் கூழ். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கயர்ப்புப் போக ஊறவைத்து, மீன்தலையும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டு, செத்தல்மிளகாயும் புளியும் கரைத்து அம்மம்மா தாழ்வாரத்தில் பெரிய பானையில் வைப்பார். கூரையால் வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடித்தோம். நான் இங்கேயும் காய்ச்சுகிறேன், வெள்ளவத்தைச் சந்தையில் ஒடியல் மா கிடைக்கிறது. ருசி குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் மழை யன்னலுக்கு வெளியே எங்கோ பெய்கிறது.

2008 கார்த்திகையை நீ மறந்திருக்க மாட்டாய். நிஷா புயல். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை போரால் மூடிக் கிடந்த காலம், நான் இங்கே, நீங்கள் எல்லாரும் அங்கே, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று வானொலியில் சொன்னார்கள். இரண்டு நாளாக உங்கள் யாரையும் போனில் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் குரல் கேட்டது. அவர் முதலில் சொன்னது, "பிள்ளை, முற்றம் எல்லாத்தையும் குடிச்சிட்டுது." வாசற்படி வரை வந்த வெள்ளம் இறங்கிவிட்டது, கிணறு கட்டு வரை நிறைந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தக் குரலில் எனக்கு இப்போதும் அந்த வசனம் கேட்கிறது. அதனால்தான் நேற்று உன்னோடு சரியாகக் கதைக்க முடியவில்லை.

நான் சொல்வது இதுதான். படலையிலிருந்து படி வரைக்கும் நாலடி அகலத்தில் ஒரு பாதை போடு, கல்லாலேயே போடு. கிணற்றடிக்கும் ஒரு கிளை விடு. அம்மா வழுக்காமல் நடக்கலாம், மோட்டார் சைக்கிள் சேறாகாமல் வரும். மிச்சம் மண்ணாக இருக்கட்டும். பீலித் தண்ணீரை ஒழுங்கைக்கு விடாமல் மாமரத்தடியில் ஒரு குழி வெட்டி அதற்குள் விடு, கக்கூஸ் குழிப்பக்கம் மட்டும் வேண்டாம். வேலியில் உக்கிப்போன இடங்களுக்குக் கிளுவையும் பூவரசும் கதியாலாகப் போடு, மழை ஈரத்தில் தடியை ஊன்றினாலே வேர் பிடிக்கும், பூவரசங்குழை பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் உதவும். மதில் தெருப்பக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் போக ஓட்டை விட்டுக் கட்டு. கூட்டுகிற வேலைதான் பிரச்சினை என்றால் அதை மச்சாளின் தலையில் மட்டும் போடாமல் நீயும் சின்னவனும் நாள் மாறி நாள் கூட்டுங்கள். அப்பா கூட்டியிருக்கிறார், எனக்குத் தெரியும். கல்லுக்குக் கொடுத்த முற்பணம் பாதைக்குக் காணும், கூடினால் மிச்சத்தை நான் தருகிறேன்.

அம்மாவிடம் கேட்டாயா? நீ கேட்டால் "உன் விருப்பம் ராசா" என்றுதான் சொல்லுவார். ஒரு காலை அவர் கூட்டி முடித்துவிட்டு ஈர்க்குமாற்றோடு நின்று முற்றத்தைப் பார்க்கிற பார்வையைப் பார், அதற்குப் பிறகு முடிவெடு.

கார்த்திகை விளக்கீட்டுக்கு இரண்டு நாள் முன்னம் யாழ்தேவி ரயிலில் பிள்ளைகளோடு வருகிறேன். படலையடியில் நட ஒரு வாழைக்குற்றி பார்த்து வை. பந்தம் சுற்ற அப்பாவின் பழைய வேட்டி ஒன்று பெட்டகத்தில் இருக்கும், அதைக் கிழித்துவிடாதே, நான் வந்து கிழிக்கிறேன். கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்கு ஒன்று, வேலி நெடுக ஆறேழு, முற்றத்துக்கு நடுவில் ஒன்று. தடியை ஊன்ற மண் வேண்டும்.

அன்புடன்,
அக்கா
வெள்ளவத்தை