தீபாவளிக்குப் பிறகு தறிக்கு வேலை

சென்னிமலை,
ஆடி 22.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பியிருந்த செய்தியை உன் அம்மா இரண்டு முறை படித்துக் காட்டினாள். தை மாதம் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க முந்நூறு போர்வை வேண்டும் என்றும், அதை நம் ஊரிலேயே வாங்கலாம் என்று நீ சொல்லியிருப்பதாகவும் அறிந்து இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் இதே அளவுப் போர்வை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று உன் மேலாளர் சொன்னாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அவர் சொன்ன விலை உண்மைதான். அது விசைத்தறிப் போர்வையின் விலை. விசைத்தறியின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. சோமனூரில் உன் மாமன் வீட்டு அடுப்பு விசைத்தறியால்தான் எரிகிறது. அவர்கள் படும் பாட்டையும் நீ பார்த்திருக்கிறாய். ஆனால் விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியூர் வியாபாரி ஒருவர் நம் தெருவில் பத்துப் போர்வைகளை வாங்கிக்கொண்டு போய், அவற்றைக் கடையின் முகப்பில் தொங்கவிட்டு, உள்ளே விசைத்தறிப் போர்வைகளைச் சென்னிமலைக் கைத்தறி என்றே விற்றுக்கொண்டிருந்ததை நானே நேரில் பார்த்தேன். அன்று பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. முதலில் 22 ரகங்கள் இருந்தன. பின்னர் அவை 11 ஆகச் சுருங்கிவிட்டன. அந்தப் பதினொன்றில் போர்வையிலும் ஜமக்காளத்திலும் சில வகைகள் இன்றும் இருக்கின்றன. சட்டம் இருந்தாலும், கடைக்கு வருகிறவர் கேட்டு வாங்கினால்தான் அதற்கு உயிர். பார்த்த மாத்திரத்தில் கைத்தறியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த எனக்கே எல்லா நேரமும் அது முடிவதில்லை. அதனால் 2006 முதல் கொடுக்கப்பட்டு வருகிற கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும், எந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்தது என்று பில்லில் எழுதித் தருகிறார்களா என்றும் உன் மேலாளரைப் பார்க்கச் சொல். நம்மிடம் வாங்கினாலும் இதையே கேட்கச் சொல்.

இனி விலைக்கு வருகிறேன். நூல் சிட்டாவாக, அதாவது கற்றையாக, வருகிறது. அதற்குச் சாயம் ஏற்றி, நிழலில் காயவைத்து, இராட்டையில் சுற்றி, பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஓட்டி, கஞ்சி போட்டு, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைத்து முடித்த பிறகுதான் குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் நாடா முதல் முறை ஓடும். உன் அப்பாரு (என் அப்பா) காலத்தில் விடிவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டார் அனைவரும் கை கொடுப்பார்கள். நான் ஒரு நாளைக்கு இரண்டு போர்வை நெய்கிறேன் என்றால், அதற்கு வேண்டிய தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குழல், முழுவதையும் உன் அம்மா சுற்றித் தருகிறாள். கூலிச் சீட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அவள் சுற்றிய தாருக்குத் தனியாக ஒரு ரூபாய் கணக்கு எழுதப்பட்டதில்லை. கைத்தறிக்கு விலை கூடுதல் என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்: இப்போது வாங்குகிற விலையிலேயே இன்னும் சேராத கூலி இருக்கிறது. 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைக்கூட எட்டவில்லை என்று தெரியவந்தது. பெருந்துறை சிப்காட்டுக்குப் போகும் பேருந்தில் காலையில் ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆகவே உன் மேலாளரிடம் விலையைக் குறைத்துப் பேசுவதற்குப் பதிலாக, காலத்தைப் பற்றிப் பேசு. இந்தத் தொழிலுக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி அதில்தான் இருக்கிறது. புரட்டாசி வரை தறிகளுக்குத் தீபாவளி வேலை இருக்கும். தீபாவளி முடிந்த மறுநாள் முதல் கூலி நின்றுவிடும். தேங்கிய சரக்கு விற்ற பிறகுதான் அடுத்த பாவு கொடுப்பார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான் கடன் வாங்குகிறான், பிறகு தறியையே விற்கிறான். நம் தெருவில் நின்றுபோன தறிகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில்தான் நின்றன. உங்கள் முந்நூறு போர்வைகளும் தைக்குத்தானே வேண்டும்? பத்துத் தறிகளில் நாளுக்கு இரண்டு வீதம் நெய்தால் பதினைந்து நாள் வேலை. சாயத்துக்கும் பாவுக்கும் இரண்டு வாரம் வேண்டும். அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். நூல் காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், சில நாட்களில் தண்ணீரே நிற்கும். அதற்காகப் பத்து நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொள். ஆவணிக்குள் ஆர்டரை உறுதி செய்து நூலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால், தீபாவளிக்கு மறுநாளே பத்து வீடுகளில் பாவு தயாராக இருக்கும். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே வேலை வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தால், பத்துத் தறிகளில் ஒன்றுகூட விலைக்குப் போகாது.

சாயத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். வெளுக்காத சாயம் வேண்டும் என்றால் வாட் சாயம் போடச் சொல்லலாம். செலவு சற்றுக் கூடும். ஆனால் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பட்டறையில்தான் போட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றியிருந்த கிணறுகள் கெட்டு, மாடுகூடக் குடிக்காத தண்ணீராக ஆனதை நம் கண்ணாலேயே பார்த்தோம். நம் போர்வையின் நிறத்துக்காக இன்னொருவர் வயல் கெடக்கூடாது.

பவானியிலிருந்து உன் பெரியம்மாவும் பேசினாள். அங்கே பெரிய ஜமக்காளத்துக்கு இருவர் அருகருகே உட்கார்ந்து, நாடாவைக் கைமாற்றிக்கொண்டு நெய்வதை நீ சிறு வயதில் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய். 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்கு, அது அந்த ஊருக்கே உரியது என்று சொல்லும் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் கலியாண வீட்டில் தரையில் உட்காரும் வழக்கம் போய், பந்தியிலும் பந்தலிலும் நாற்காலி வந்தபோதே ஜமக்காளத்தின் வேலை போய்விட்டது, அதை எந்தக் குறியீட்டாலும் திருப்பித் தர முடியவில்லை. துணி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு இன்றைய வீட்டில் ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊரில் யோகாசனம் செய்யப் பலரும் ரப்பர் விரிப்பு வாங்குகிறார்கள் என்று நீதான் சொன்னாய். ஓர் ஆள் அகலத்தில், கெட்டியான நூலில் ஜமக்காளம் நெய்து தந்தால் அவர்கள் வாங்குவார்களா என்று நாலு பேரிடம் கேட்டு எழுது. அளவும் நிறமும் தெரிந்தால் பெரியம்மா வீட்டில் ஒன்றிரண்டு நெய்து பார்ப்பார்கள். இதுபோன்ற சேதி எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. நடுவில் இருப்பவர்கள் போன ஆண்டின் ரகத்தையே மறுபடியும் கேட்கிறார்கள்.

நம் ஊர்க்காரரான எம்.பி. நாச்சிமுத்து (எம்.பி. என்பது அவருடைய முன்னெழுத்து), வியாபாரிகளின் கையை எதிர்பார்த்திருந்த நெசவாளர்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்து, நூலைச் சங்கமே கொடுத்துத் துணியைச் சங்கமே எடுத்துக்கொள்ளும்படி செய்தவர். 1983-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உன் அப்பாரு அவருடைய பெயரைச் சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து இறக்குவார். ஆர்டர் எதுவானாலும் சங்கத்தின் வழியாகவே வரட்டும் என்று நான் கேட்பது அதனால்தான். நம் வீட்டுக்கு மட்டும் வந்தால் ஒரு மாதம் சோறு. சங்கத்துக்கு வந்தால் பத்து வீட்டுக்குக் கணக்கோடு கூலி.

எட்டு வயதில் நீ தறியில் ஏறி உட்கார்ந்து மிதியை மிதிக்கப் பார்த்தாய், கால் எட்டவில்லை. போய்ப் படி என்று நான் அதட்டி எழுப்பினேன். அப்படி எழுப்பியதற்கு இன்றும் நான் வருந்தவில்லை. நீ பணம் அனுப்புகிறேன் என்கிறாயே, சாமி, அது வேண்டாம். எங்கள் இருவருக்கும் கையும் கண்ணும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. அந்த அக்கறையை இந்த முந்நூறு போர்வைக்குக் காட்டு.

போர்வையின் நீள அகலத்தை அங்குலத்தில் எழுது. கட்டமா, கோடா, கரை எவ்வளவு அகலம் என்பதையும், மூன்று நிறங்களுக்கு மேல் போகாமல் எந்தெந்த நிறம் என்பதையும் ஆவணி பத்துக்குள் தெரிவித்துவிடு. மாதிரிக்கு ஒன்று நெய்து அனுப்புகிறேன். தார் சுற்ற இராட்டைக்குப் புதுக் கயிறு கட்டிவிட்டதாக அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா