பழுது பார்க்கக் கொடுத்த கேனிஸ்டர் ஃபில்டரும் செத்துப்போன என் ஐந்து மீன்களும்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று ஒரே பதில்தான் வந்தது, அதே எழுத்துப் பிழையோடு. இந்த முறையாவது மனிதர் யாராவது படித்தால் நன்றி.

என்னிடம் இருப்பது 300 லிட்டர் தொட்டி. உள்ளே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வகை சிக்லிட் மீன்கள், மொத்தம் 14. இப்போது 9. அதற்குப் பிறகு வருகிறேன். சிக்லிட்கள் நிறையத் தின்னும், அதற்கேற்ப அசுத்தமும் செய்யும். தண்ணீர் மணிக்கு நாலு முறையாவது சுற்றட்டும் என்றுதான் பெட்டியில் மணிக்கு 1,200 லிட்டர் என்று போட்டிருந்த உங்கள் பெரிய மாடல் கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் டப்பாவை, வாங்கினேன். ஏழு மாதம் நன்றாகவே ஓடியது, அதை மறுக்கவில்லை. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது.

எட்டாவது மாதம் ஆரம்பித்தது கடகட சத்தம். மின்சாரம் போய் வந்தால் தானாகத் தண்ணீர் இழுக்காது. டப்பாவைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஓட்டமும் குறைந்தது. வெளியே வரும் குழாயை 10 லிட்டர் வாளியில் விட்டுப் பார்த்தேன், நிரம்ப 110 நொடி ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 330 லிட்டர்கூட இல்லை. வடிகட்டும் ஸ்பாஞ்சும் ரிங்கும் உள்ளே போட்டு, தொட்டியின் ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து மேலே ஏற்றும்போது பெட்டியில் போட்ட அளவு வராது என்பது எனக்கும் தெரியும். பாதி வந்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். இது கால்வாசி! திறந்து பார்த்தால் இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழலி) செராமிக் அச்சு ஒடிந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன். இம்பெல்லர் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். தேய்ந்தது வேறு, ஒடிந்தது வேறு. செய்து விற்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

சரி, நேரில் கொண்டு வாருங்கள் என்று ஒரு முகவரி கொடுத்தார்கள். தண்ணீர் சொட்டும் டப்பாவை வாளியில் வைத்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பக்கத்தில் நின்றவரின் பேன்ட் நனைந்து அவரிடம் வேறு திட்டு வாங்கினேன். அங்கே போனால், “இங்க மிக்ஸி, ஃபேன் மட்டும்தான் சார் பார்ப்போம், மீன்தொட்டி சாமான் வேற இடம்.” உங்கள் ஆள் கொடுத்த முகவரிக்குத்தானே போனேன்? வாசலில் நின்று அதே ஆளுக்குப் போன் செய்தேன், 41 நிமிடம் பாட்டுக் கேட்டேன். ஒரு விடுமுறை நாள் முழுக்க அப்படிப் போனது.

வேறு இடத்தில் கடைசியாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கும்போதே கெஞ்சினேன்: “மோட்டார் தலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் ரிங்குகளை நான் எடுத்துப் போகிறேன்.” முழு செட்டாக இருந்தால்தான் ஜாப் கார்டு போடுவோம் என்றார்கள். மூன்று நாளில் தருகிறோம் என்றதால் தலையாட்டிவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று நாள் 16 நாள் ஆனது.

அந்த ரிங்குகளில் இருப்பது அழுக்கு இல்லை. மீன்கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அதற்கு ஈரமும் ஆக்சிஜனும் ஓடும் தண்ணீரும் வேண்டும். ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே நான் போட்டு வைத்திருந்தால் ஒரு மீனும் செத்திருக்காது. நீங்களோ காய வைத்து, அப்புறம் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பளபளவென்று வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். “நல்லா கிளீன் பண்ணிருக்கோம் சார்” என்று பெருமை வேறு. ஏழு மாதமாக வளர்ந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு! குளோரின் கலந்த தண்ணீரில் மீடியாவை, அதாவது ரிங்கு மாதிரி உள்ளே போடுவதை, கழுவக் கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதை உங்கள் ஆட்களிடம் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

அந்த 16 நாளும் புதிதாக வாங்கிய சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஏர் பம்பையும் வைத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்து ஓட்டினேன். அப்படியும் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொட்டது. ஆள் வந்தாலே கண்ணாடியில் முட்டி மோதுகிற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாறைக்கு அடித்துக்கொள்கிற மீன் அடித்துக்கொள்ளாமல் கிடந்தால் என்ன அர்த்தம்? முட்டைகளை வாயில் வைத்திருந்த ஒரு பெண் மீன் அத்தனையையும் துப்பிவிட்டுச் செத்தது. ஒரு வம்சமே போய்விட்டது.

அம்மோனியா 1 பிபிஎம் என்று உங்கள் உதவி எண்ணில் சொன்னேன். “ஒண்ணுதானே சார், கம்மிதான்” என்றார் போனை எடுத்தவர். என் தொட்டியின் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 8.2. பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8.2 என்றால் எட்டுப் பங்கு இருக்கும் என்றேன். “நீங்க என்ன மீன் டாக்டரா?” என்றார். வாய் உப்பிய மீன் பற்றிச் சொன்னபோது, “அது நோய், தூக்கிப் போடுங்க” என்றார். வாயில் குஞ்சு பொரிக்கும் மீனுக்கு மூன்று வாரம் வாய் அப்படித்தான் இருக்கும், ஐயா! கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மீன்தானே சார், ஆளா செத்துட்டாங்க?” அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

இப்போது தண்ணீர் பால் போல வெளுத்துக் கிடக்கிறது. அதற்கு உங்கள் நிறுவனத்தின் தெளிய வைக்கும் திரவத்தையே வாங்கி ஊற்றச் சொன்னார்கள். அது தூசியைத் திரட்டிக் கட்டியாக்கும், அதைப் பிடிக்க ஓடுகிற ஃபில்டர் வேண்டாமா? ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன்: 16 நாள் கழித்து வந்ததில் அந்த ஒடிந்த அச்சு அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் ஊழியர் எல்லோரையும் குறை சொல்லவில்லை. ரசீது கொடுத்த அந்தப் பெண் மட்டும் “அச்சச்சோ” என்றார். ஆனால் பத்து நாளில் புது ஃபில்டரோ முழுப் பணமோ வரவில்லை என்றால், வாளியில் தண்ணீர் பிடித்த வீடியோ, ஜாப் கார்டு, மூன்று புகார் எண்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த உதவி எண் ஆளிடமிருந்து மன்னிப்பும் வேண்டும், எழுத்தில். தயவுசெய்து அதுவரை போகும்படி வைக்காதீர்கள்.

பழைய ஃபில்டரை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். நான் மறுபடி சுமந்து வர மாட்டேன். ரிங்குகள் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்