கவிமணியோடு ஐந்து சாயங்காலங்கள்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்தது 1876 ஜூலை 27. அந்த நாளை ஒட்டி நம் கிளை நூலக வாசலில் ஐந்து சாயங்காலம் உட்கார்ந்து அவர் பாடல்களை வாசித்தோம். கைகொடுத்தவர்களுக்கு வாயார நன்றி சொன்னால்தான் என் மனசு ஆறும்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. வேறு எதையோ தேடிப் போன என் கையில், அட்டை பிய்ந்த கவிமணி தொகுப்பைக் கொடுத்தவர் அவர்தான். பிரித்தால் ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’. ஒன்றாம் வகுப்பில் கத்திப் பாடியது. முப்பது வருஷமாக எனக்குக் கவிமணி என்றால் அந்தப் பசுவும் கன்றும் மட்டும்தான். அன்றைக்கு “நாவால் நக்குது வெள்ளைப்பசு” என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நக்கும்போது கன்று கண்ணை மூடுவது வரைக்கும் தெரிகிறது.

நாகர்கோவில் அக்காவுக்கு என்ன சொல்வது! மூன்றாம் நாள் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ வாசித்தார். பெற்ற மகனை விட்டுவிட்டுச் சகோதரியின் மகனுக்குச் சொத்து போன காலம். அப்படியொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவளின் வாயாலேயே கவிமணி பாடுகிறார். ‘காரணவர்’ என்று வரும்போதெல்லாம் அக்கா நிறுத்தி, குடும்பத்தை ஆளுகிற மாமா என்று விளக்கினார். அந்த ஊர்ப் பேச்சின் இழுப்போடு கேட்கக் கேட்க எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. புத்தகத்தை மூடி, “எங்க ஆச்சிக்கும் இதே கததான்” என்றார். கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

தமிழாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். ‘ஆசிய ஜோதி’யில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொல்வார் புத்தர். அந்த இடத்தில் ஐயாவுக்குக் குரல் கம்மியது. பக்கத்தில் இருந்த பிளஸ் டூ மாணவி புத்தகத்தை வாங்கித் தொடர்ந்து படித்தாள். மகளே, உனக்கும் நன்றி. எவ்வளவு நிதானமாகப் படித்தாய்!

தினமும் சுக்குக் காப்பி போட்டுத் தந்த டீக்கடை அண்ணனுக்கும், பாய் விரித்த பிள்ளைகளுக்கும் நன்றி.

ஜெராக்ஸ் கடைத் தம்பி நாற்பது தாளுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு பிரதியை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டார். நேற்று அந்தப் பக்கம் போனேன். கடைக் கண்ணாடியில் வெள்ளைப்பசு ஒட்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகத் தோழி